மௌனத்துக்கு எட்டு விநாடிக் கெடு

பழைய தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்கு ஓர் அழைப்பு என்றால் அது வெறும் மின்சாரம். எண்ணைக் கண்டுபிடித்து, அந்த வீட்டுக் கம்பியில் மணியடிக்கும் மின்சாரத்தை விட்டுவிட்டால் அதன் வேலை பெரும்பாலும் முடிந்தது. மறுமுனையில் ஆள் இருக்கிறாரா, ஃபேக்ஸ் இயந்திரம் இருக்கிறதா, பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வெறும் சுவர்தான் இருக்கிறதா, எதுவும் அதற்குத் தெரியாது. அழைத்தவர் காதில் விழும் மணியோசைகூட அந்த வீட்டில் அடிக்கும் மணியுடையது அல்ல. எக்ஸ்சேஞ்ச் தானே தயாரித்துக் கொடுப்பது. அதனால் கருவியே இல்லாத வீட்டுக்கு அழைத்தாலும் மணி கேட்டுக்கொண்டேதான் இருக்கும். யாரும் இல்லை போலிருக்கிறது என்று நாம் வைத்துவிடுவோம்.

டிஜிட்டல் வலைப்பின்னல் வந்தபோது இந்த அறியாமையை ஒழித்துவிட வேண்டும் என்பது பொறியாளர்களின் நோக்கங்களில் ஒன்று. ஐஎஸ்டிஎன் என்ற பெயரில் அதற்கான விதிகளை சிசிஐடிடி என்ற சர்வதேச அமைப்பு (இன்றைய ஐடியூ-டி) 1984இல் முதன்முறை வெளியிட்டு, 1988இல் விரிவாக்கியது. ஜெர்மனி 1987இல் மான்ஹைம், ஸ்டுட்கார்ட் நகரங்களில் சோதனை நடத்தி 1989இல் சேவையைத் தொடங்கியது. ஜப்பானில் என்டிடி 1988இல் தொடங்கியது. வீட்டுக்கு வரும் சாதாரண ஐஎஸ்டிஎன் லைனில் நொடிக்கு 64 கிலோபிட் கொண்ட இரண்டு தடங்கள் பேச்சுக்கும் தரவுக்கும் உண்டு. 16 கிலோபிட் கொண்ட மூன்றாவது தடம் ஒன்று, அழைப்பை ஏற்படுத்தவும் கலைக்கவும் தேவையான செய்திகளைச் சுமந்து செல்லும். குரல் அந்தத் தடத்தில் போவதே இல்லை. மணியடிக்கும் மின்சாரத்தின் இடத்தில் இப்போது ஒரு கடிதம் வந்துவிட்டது. ‘செட்டப்’ என்பது அதன் பெயர். அதில் என்ன எழுதவேண்டும் என்பதை க்யூ.931 என்ற ஆவணம் வகுத்திருக்கிறது.

அந்தக் கடிதத்தில் எண்களைவிடச் சுவாரசியமானது, அழைப்பவர் எந்த வகைத் தடம் கேட்கிறார் என்ற குறிப்பு. முக்கியமான வகைகள் மூன்று: பேச்சு, 3.1 கிலோஹெர்ட்ஸ் ஒலி, கட்டுப்பாடற்ற டிஜிட்டல் தரவு. முதல் இரண்டும் காதுக்கு ஒன்றுதான், பிறகு ஏன் பிரித்தார்கள் என்று தோன்றும். பேச்சு என்று சொல்லிவிட்டால் வலைப்பின்னலுக்குப் பெரிய சுதந்திரம் கிடைக்கிறது. நெடுந்தூரத் தடங்களில் குரலைச் சுருக்கி ஒரே தடத்தில் பல உரையாடல்களை ஏற்றலாம், எதிரொலியை நீக்கலாம், ஐரோப்பிய ஒலிக்குறியீட்டை அமெரிக்கக் குறியீடாக மாற்றலாம். மனிதக் காது இவற்றையெல்லாம் மன்னித்துவிடும். மோடமும் ஃபேக்ஸும் மன்னிக்காது. 3.1 கிலோஹெர்ட்ஸ் ஒலி என்று கேட்டால் வலைப்பின்னல் அடக்கிவாசிக்கும். மோடம் இணைப்பின் தொடக்கத்தில் கேட்கும் 2100 ஹெர்ட்ஸ் ஊளை, வழியிலுள்ள எதிரொலி நீக்கிகளை ஒதுங்கச் சொல்லும் சமிக்ஞைதான். மூன்றாவது வகையில் எந்தக் கைவைப்பும் கூடாது. போட்ட பிட் போட்டபடியே மறுமுனையில் வந்து விழவேண்டும்.

இதற்கு மேல், அழைப்பின் நோக்கத்தைச் சொல்லும் இன்னொரு குறிப்பும் உண்டு: தொலைபேசி, ஃபேக்ஸ், டெலக்ஸ், வீடியோடெக்ஸ் என்று. ஆக, மணி அடிக்கும் முன்பே வந்திருப்பது என்ன வகை அழைப்பு என்பது பெறுகிற கருவிக்குத் தெரிந்துவிடும். தெரிந்து என்ன செய்வது?

ஐஎஸ்டிஎன் வீட்டில் ஒரே கம்பியில் எட்டுக் கருவிகள் வரை மாட்டலாம். எக்ஸ்சேஞ்ச் ‘செட்டப்’ கடிதத்தைத் தனித்தனி முகவரிக்கு அனுப்புவதில்லை. 127 என்ற பொது முகவரிக்கு அனுப்புகிறது, எட்டுக் கருவிகளும் ஒருசேரப் படிக்கின்றன. ஒண்டுக் குடித்தன வீட்டு வாசலில் நின்று தபால்காரர் கூவுவது போலத்தான். உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்ற பட்டியல் அவரிடம் இல்லை. வீட்டுக்காரர் நேற்று ஃபேக்ஸ் வாங்கி மாட்டியிருப்பார், இன்று கழற்றி மாடிக்குக் கொண்டுபோயிருப்பார். அதை எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. எனவே பொருத்தம் பார்க்கும் பொறுப்பைக் கருவியின் தலையிலேயே கட்டினார்கள். ஒவ்வொரு கருவியும் பதில் சொல்லும் முன் கடிதத்தைப் படித்து, தன்னால் முடியுமா என்று சரிபார்த்தாக வேண்டும். முடியும் என்றால் மணி அடிக்கலாம்.

முடியாது என்றால்? இந்த இடத்தில் விதி எழுதியவர்களின் மதியூகம் எனக்குப் பிடித்திருக்கிறது. தரவு அழைப்பு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரவேற்பறைத் தொலைபேசி அதைப் படித்து, ‘என்னால் ஆகாது’ என்று முந்திக்கொண்டு பதில் அனுப்பினால், எக்ஸ்சேஞ்ச் அதை அந்த வீட்டின் பதிலாக எடுத்துக்கொண்டு அழைப்பைக் கலைத்துவிடக் கூடாது. பக்கத்து அறையில் கணினி அதே அழைப்புக்காகக் காத்திருக்கக்கூடும். அதனால் பொருந்தாத கருவிக்கு இரண்டு வழிகள் கொடுத்தார்கள். ஒன்று, பேசாமல் இருந்துவிடுவது. இரண்டு, 88 என்ற காரண எண்ணுடன் மறுப்புச் செய்தி அனுப்புவது. 88 என்றால், சேரிடம் பொருந்தாது. அனுப்பினாலும் எக்ஸ்சேஞ்ச் உடனே நடவடிக்கை எடுக்காது. குறித்து வைத்துக்கொண்டு மற்றக் கருவிகளுக்காகக் காத்திருக்கும். கடைசியில் யாருமே அழைப்பை ஏற்கவில்லை, பல மறுப்புகள் பல காரணங்களுடன் குவிந்திருக்கின்றன என்றால், 88ஐ ஒதுக்கிவிட்டு 17 (எங்கேஜ்டு), 21 (வேண்டாமென்று மறுத்தார்) ஆகியவற்றுக்கு முன்னுரிமை கொடு என்கிறது விதி. தனக்குச் சம்பந்தமில்லாத அழைப்பைப் பற்றிக் கருத்துச் சொன்னவருடைய பேச்சை அது கணக்கில் எடுப்பதில்லை.

கருவி பேசாமல் இருப்பதை இப்படி ஒரு மரியாதையாக ஆக்கியதற்கு விலை உண்டு. பொருந்தாத கருவி பேசாமல் இருக்கிறது. செத்த கருவியும் பேசாமல் இருக்கிறது. கருவியே இல்லாத கம்பியும் அப்படித்தான். மூன்றையும் பிரித்தறிய எக்ஸ்சேஞ்சுக்கு வழியில்லை. ஐரோப்பிய வீட்டு லைன்களில் நிலைமை இன்னும் சிக்கல். மின்சாரம் மிச்சப்படுத்துவதற்காக அழைப்பு இல்லாத நேரத்தில் லைனையே தூங்கவிட்டுவிடுவார்கள்; அழைப்பு வரும்போதுதான் எழுப்புவார்கள். ஆகவே கருவி உயிரோடு இருக்கிறதா என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ளவும் முடியாது. வீட்டில் மின்சாரம் போய்விட்டால் ஜெர்மனியில் சுவரிலிருக்கும் இணைப்புப் பெட்டி, எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் மின்சாரத்தைக் கொண்டு ஒரே ஒரு தொலைபேசிக்கு மட்டும் உயிர் கொடுக்கும். மின்முனைகளை மாற்றிப் போட்டு ‘இது நெருக்கடி நேரம்’ என்று அறிவிக்கும்; அதற்கென அமைக்கப்பட்ட ஒரு கருவி மட்டும் விழித்திருக்கும், மற்றவை ஊமையாகிவிடும். அலுவலகங்களுக்கான 30 தட லைனில் அந்தச் செய்தித் தடம் எப்போதும் விழித்திருப்பதால், அது அறுந்தால் எக்ஸ்சேஞ்சுக்கு உடனே தெரியும். அழைப்பவருக்கு 27 (சேரிடம் பழுது) என்று துல்லியமாகச் சொல்லலாம். வீட்டுக்காரருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

பிரித்தறிய முடியாததைக் கடிகாரத்திடம் ஒப்படைத்தார்கள். டி303 என்று ஒரு டைமர். ‘செட்டப்’ புறப்பட்டதும் ஓடத் தொடங்கும். வழக்கமான அளவு 4 விநாடி. அதற்குள் ஒரு பதிலும் வராவிட்டால் எக்ஸ்சேஞ்ச் அதே கடிதத்தை இன்னொரு முறை அனுப்பும். பொது முகவரிக்குப் போகும் செய்திக்குக் கீழ் அடுக்கில் ஒப்புகைச் சீட்டு கிடையாது. வழியில் தொலைந்தாலும் தெரியாது என்பதுதான் இரண்டாம் முறைக்குக் காரணம். மறுபடி 4 விநாடி. அப்போதும் பதில் இல்லை என்றால் அழைப்பு முடிந்தது. அழைத்தவருக்குக் காரண எண் 18 திரும்பும்: எந்தக் கருவியும் பதில் தரவில்லை. மொத்தம் 8 விநாடி மௌனம் போதும், ஒரு வீட்டைக் கருவியில்லாத வீடு என்று முடிவுகட்ட.

18ஐயும் 19ஐயும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கருவி ஒன்று ‘நான் இருக்கிறேன், மணி அடிக்கிறேன்’ என்று சொல்லி, அதன் பிறகு மனிதர் எடுக்கவில்லை என்றால் அது 19. இங்கே பொறுமை தாராளம். வழக்கமாகக் குறைந்தது மூன்று நிமிடம். பழைய தொலைபேசியில் ஒன்றாகக் கிடந்த இரண்டு நிலைமைகள், இயந்திரம் பதில் சொல்லாததும் மனிதர் பதில் சொல்லாததும், இங்கேதான் முதன்முறையாக வெவ்வேறு எண் பெற்றன. இயந்திரத்துக்கு 8 விநாடி, மனிதருக்கு மூன்று நிமிடம். ஐஎஸ்டிஎன்னின் பெரிய சாதனை எது என்று கேட்டால் பலரும் 64 கிலோபிட் வேகத்தைச் சொல்வார்கள். நான் இந்தப் பிரிவினையைச் சொல்வேன்.

காரண எண்களின் அமைப்பிலேயே ஒரு மனப்பான்மை தெரிகிறது. எண்ணின் ஏழு பிட்டுகளில் முதல் மூன்று குடும்பத்தைக் குறிக்கும். எங்கேஜ்டு, எடுக்கவில்லை, கருவி பதில் தரவில்லை எல்லாம் இயல்பான நிகழ்வுகள் என்ற குடும்பம். வலைப்பின்னலின் கண்ணில் செத்துப்போன தொலைபேசி ஓர் அன்றாட விஷயம். பொருந்தாமையைக் குறிக்கும் 88 இருப்பதோ செல்லாத செய்தி என்ற குடும்பத்தில். அதாவது தவறு பதில் தராதவருடையது அல்ல, கேட்டவருடையது. எண்ணோடு, அந்த முடிவு எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பும் கூடவே பயணம் செய்யும்: பயனரிடமா, அழைப்பவரின் உள்ளூர் வலைப்பின்னலிலா, இடைவழியிலா, வேறு வகை வலைப்பின்னலோடு சேரும் எல்லைக்கு அப்பாலா. பழுது பார்ப்பவர்கள் எண்ணைவிட இந்தக் குறிப்பைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்பேன்.

எக்ஸ்சேஞ்சுகளுக்கிடையே இந்தக் காரணம் எஸ்எஸ்7 என்ற தனிச் சமிக்ஞை வலைப்பின்னல் வழியே பின்னோக்கிப் போகிறது. அழைப்பவருடைய எக்ஸ்சேஞ்சுக்கு எண் வந்து சேர்ந்ததும், அது நெடுந்தூரத் தடத்தை விட்டுவிட்டு உரிய ஒலியைத் தானே எழுப்பும். முன்பு எங்கேஜ்டு ஒலி தொலைதூர எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. அதைக் கேட்பதற்காக ஒரு முழு நெடுந்தூரத் தடம் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. இந்த மாற்றத்தில் மிச்சமான தடங்களே நிறையப் பணம். ஆனால் சாதாரணத் தொலைபேசியிலிருந்து அழைத்தவருக்கு இந்த நுட்பமெல்லாம் காதில் விழும் நான்கைந்து வகை ஒலிகளாகவும் பதிவுசெய்த அறிவிப்புகளாகவும் சுருங்கிவிட்டது. இயந்திரத்துக்குத் தெரிந்த காரணம் மனிதருக்குச் சொல்லப்படவில்லை.

விதி நேர்த்தியாக இருந்தால் மனிதர்கள் அதை வளைக்கும் வழியும் நேர்த்தியாகவே இருக்கும். அமெரிக்காவில் சில பகுதிகளில் வீட்டு ஐஎஸ்டிஎன் லைனில் உள்ளூர்ப் பேச்சு அழைப்புக்கு நிமிடக் கட்டணம் இருக்கவில்லை, தரவு அழைப்புக்கு இருந்தது. ஆகவே இணையத்துக்கு அழைக்கும் கருவியைப் ‘பேச்சு’ என்று பொய் சொல்லவைத்தார்கள். உள்ளூர்த் தடத்தில் யாரும் குரலைச் சுருக்குவதில்லை என்பதால் பிட்டுகள் பெரும்பாலும் பத்திரமாகப் போய்ச்சேர்ந்தன. ஒரு பிட்டைச் சமிக்ஞைக்காகத் திருடும் பழைய தடங்களுக்கு அஞ்சி 64க்குப் பதில் 56 கிலோபிட்டில் ஓட்டினார்கள். பிரச்சினை மறுமுனையில் வந்தது. இணைய நிறுவனங்கள் ஒரே எண்ணில் மோடம் அழைப்பையும் ஐஎஸ்டிஎன் அழைப்பையும் வாங்கின. கடிதத்திலிருந்த தட வகையைப் படித்துத்தான் அவர்களுடைய சாதனம் அழைப்பை மோடத்திடம் தருவதா, டிஜிட்டல் பக்கம் தள்ளுவதா என்று முடிவுசெய்தது. பேச்சு என்று வந்த அழைப்பு மோடத்துக்குப் போகும். மோடம் ஊளைக்காகக் காத்திருக்கும், வருவதோ டிஜிட்டல் பிட்டுகள். இந்தப் பொய்யைச் சமாளிக்கத் தனி எண்ணே வைக்கவேண்டியிருந்தது.

பொய் சொல்லாமலே வரும் சிக்கல் இன்னும் பரவலானது. சாதாரண லைனிலுள்ள ஃபேக்ஸ் ஒன்று ஐஎஸ்டிஎன் வீட்டுக்கு அழைத்தால், கடிதத்தை எழுதுவது வழியிலுள்ள டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச்தான். வருவது ஃபேக்ஸா பேச்சா என்பது அதற்கே தெரியாது. 3.1 கிலோஹெர்ட்ஸ் ஒலி என்று எழுதி, புறப்பட்ட இடம் ஐஎஸ்டிஎன் அல்ல என்று ஒரு குறிப்பைச் சேர்த்து அனுப்பிவிடும். வீட்டில் தொலைபேசியும் ஃபேக்ஸும் இரண்டுமே பொருத்தம் என்று நினைத்து மணி அடிக்கும். எது முந்தி எடுக்கிறதோ அதற்கே அழைப்பு. பாட்டி எடுத்தால் காதில் ஃபேக்ஸ் கூவும். எண்பது சதவீதம் பேர் பழைய லைனில் இருக்கும் நாட்டில் இருபது சதவீதத்துக்காக எழுதிய நுட்பமான விதி என்ன பலன் தரும் என்று யோசித்துப் பாருங்கள். கடைசியில் ஐரோப்பாவில் கைகொடுத்தது மிகச் சாதாரணமான தந்திரம்: ஒரே லைனுக்குப் பல எண்கள். ஜெர்மனியில் வழக்கமாக மூன்று, கேட்டால் பத்து வரை. ஃபேக்ஸுக்கு ஓர் எண், அப்பாவுக்கு ஓர் எண். கருவி தன் எண்ணை மட்டும் பார்த்துக்கொள்ளும். பொருத்தம் பார்ப்பது இயந்திரத்திடமிருந்து, சரியான எண்ணைப் போடும் மனிதரிடம் போய்விட்டது.

இணையவழித் தொலைபேசிக்கான எஸ்ஐபி விதிகள் 2002 ஜூனில் ஆர்எஃப்சி 3261 என்ற ஆவணமாக இறுதி வடிவம் பெற்றபோது, ஒரு விஷயத்தில் அணுகுமுறை மாறியது. ஐஎஸ்டிஎன்னில் அழைப்பவர் கேட்டது இருக்கிறதா இல்லையா என்பதே பெரும்பாலும் கேள்வி. எஸ்ஐபியில் அழைப்பவர் தன்னிடமுள்ள ஒலிக்குறியீடுகளின் பட்டியலை நீட்டுகிறார். எதிர்முனை தனக்கு ஒத்துவருவதைப் பொறுக்கிக்கொள்கிறது. எதுவுமே ஒத்துவராவிட்டால் 488 என்ற மறுப்பு. பேரம் பேசும் பழக்கம் வந்ததால் பொருந்தாமை வெகுவாகக் குறைந்தது உண்மை. பொறுமையோ கூடிவிட்டது. ஒப்புகைச் சீட்டு இல்லாத யுடிபி வழியே அனுப்பிய அழைப்புக் கடிதத்துக்கு ஒரு சத்தமும் வராவிட்டால் அரை விநாடி, ஒரு விநாடி, இரண்டு, நான்கு என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே மொத்தம் ஏழு முறை அனுப்பி, 32 விநாடிக்குப் பிறகே கைவிடுவார்கள். ஐஎஸ்டிஎன்னைப் போல நான்கு மடங்கு.

மற்றொரு விஷயத்தில் பழைய பிரச்சினை அப்படியே திரும்பி வந்தது. ஒரே பெயருக்கு மேசைத் தொலைபேசி, கைபேசி, மடிக்கணினி என்று பல கருவிகள். நடுவிலுள்ள சேவையகம் அழைப்பைக் கிளைபிரித்து எல்லாவற்றுக்கும் அனுப்புகிறது. ஒன்று 488 சொல்கிறது, இன்னொன்று மணி அடிக்கிறது, மூன்றாவது மௌனம். மணி அடிப்பது ஓயும் வரை சேவையகம் 488ஐ மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பட்டியலைக் கொஞ்சம் மாற்றி அனுப்பினால் முதல் கருவி ஏற்றுக்கொண்டிருக்கும் என்பது அழைப்பவருக்குத் தெரிய வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒரே கம்பியில் எட்டுக் கருவி மாட்டியவர்கள் பார்த்த அதே சங்கடம். அவர்கள் 88ஐ ஒதுக்கு என்று ஒரு வரியில் தீர்த்தார்கள். எஸ்ஐபி உலகம் இதற்கு நீளமான பெயர் ஒன்றைச் சூட்டி நெடுநாள் விவாதித்தது.

இரண்டு உலகங்களும் சந்திக்கும் எல்லையில் நடப்பது இன்னும் விசித்திரம். 2002 டிசம்பரில் வெளியான ஆர்எஃப்சி 3398 ஒரு பக்கத்தின் காரண எண்ணை மறுபக்கத்துக்கு எப்படி மாற்றுவது என்று அட்டவணை தருகிறது. அழைப்பு பழைய வலைப்பின்னலில் புறப்பட்டு, நடுவில் எஸ்ஐபி வழியாகப் போய், மீண்டும் பழைய வலைப்பின்னலில் முடிகிறது என்று கொள்வோம். மறுமுனையில் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை: 19. அது எஸ்ஐபியில் 480 ஆகிறது. வெளியே வரும்போது 480 என்பது 18 ஆகிறது. கருவியே பதில் தரவில்லை என்று அர்த்தம் மாறிவிட்டது. உண்மையிலேயே கருவி பதில் தராமல் 18 வந்திருந்தால் அது 408 ஆகி, வெளியே 102 என்று வரும்: டைமர் முடிந்து மீண்டது என்ற நெறிமுறைப் பிழை. மோசமானது 88இன் கதை. அது உள்ளே 503, வெளியே 41. 41 என்றால் தற்காலிகக் கோளாறு. என்றைக்கும் பொருந்தாத கருவியை, கொஞ்ச நேரம் கழித்து முயன்று பாருங்கள் என்கிறது. தானாக மறு அழைப்புச் செய்யும் இயந்திரங்கள் இதை நம்பி மறுபடி மறுபடி அழைக்கும். மூலக் காரண எண்ணை எஸ்ஐபி செய்தியில் தனி வரியாகச் சேர்த்து அனுப்ப அதே மாதத்தில் இன்னோர் ஆவணம் வழிசெய்தது. இடையிலுள்ள எல்லாரும் அந்த வரியைக் கிழிக்காமல் கடத்தினால்தான் பயன்.

கைபேசியில் மௌனத்தை அறியச் சற்று நல்ல வழிகள் உண்டு. ஜிஎஸ்எம் கைபேசியை முறைப்படி அணைத்தால், அது போகும்போது ‘விடைபெறுகிறேன்’ என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் போகும். அழைப்பு வந்தால் வலைப்பின்னல் தேடாமலே, சந்தாதாரர் இல்லை என்று (காரண எண் 20) சொல்லிவிடலாம். பேட்டரியைக் கழற்றினாலோ மலைப்பாதையில் சிக்னல் அறுந்தாலோ அந்தச் செய்தி வராது. வலைப்பின்னல் அந்தப் பகுதிக் கோபுரங்கள் எல்லாவற்றிலும் பெயரைக் கூவிப் பார்த்துவிட்டுத்தான் கைவிடும். ‘சுவிட்ச் ஆஃப்’, ‘தொடர்பு எல்லைக்கு அப்பால்’ என்ற இரண்டு அறிவிப்புகளுக்கும் அடிப்படை இந்த வேறுபாடு. கூவியும் பதில் தராத சந்தாதாரரை, தவறாமல் வரவேண்டிய வருகைப் பதிவும் வராமல் போனால், கொஞ்ச நேரம் கழித்து அணைக்கப்பட்டவர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். எனவே ‘சுவிட்ச் ஆஃப்’ என்று கேட்டதை வைத்து யார்மீதும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பொருந்தாமையும் கைபேசியில் வேறு முகத்தோடு வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ தொடங்கியபோது அதற்கு 2ஜியும் கிடையாது, 3ஜியும் கிடையாது. குரலும் 4ஜி தரவாகவே போகவேண்டும். அன்றைய 4ஜி கைபேசிகள் பலவற்றுக்கு அது தெரியாது. மற்ற நிறுவனங்களின் வலையில் அப்படிப்பட்ட கைபேசிக்கு அழைப்பு வந்தால், அதை 4ஜியிலிருந்து பழைய வலைக்கு இறக்கி அங்கே மணி அடிக்கச் செய்வார்கள். இங்கே இறங்குவதற்குப் படியே இல்லை. தனிச் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளாதவரை, சிக்னல் முழுதாகக் காட்டி, வீடியோ ஓடும் கைபேசி, குரல் அழைப்பைப் பொறுத்தவரை பதிவே செய்யாத கருவிதான்.

ஐஎஸ்டிஎன் ஒவ்வொரு நாடாகக் கடையைக் கட்டிவருகிறது. அதன் காரண எண்கள் மட்டும் பிபிஎக்ஸ் எனப்படும் அலுவலக உள் எக்ஸ்சேஞ்சுகளின் பதிவேடுகளில் இன்னும் நடமாடுகின்றன, பலசமயம் தவறான சேதியோடு. கைபேசி நிறுவனங்கள் அறிவிப்பைப் பெரும்பாலும் எண்ணாக அனுப்பாமல் ஒலியாகவே அனுப்புவதால், அழைத்த பிபிஎக்ஸுக்கு அது யாரோ பேசும் சத்தம் மட்டுமே. ‘சுவிட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது’ என்று கேட்டதும் ஊழியர் ரிசீவரை வைத்துவிடுகிறார். பதிவேட்டில் அந்த அழைப்புக்கு எதிரே விழும் எண் 16: இயல்பாகத் துண்டிக்கப்பட்டது.